நாள் முடிவில் தேவனுக்கு முன்பாகத் தன்னைச் சோதித்தறிவது எப்படி?

காலையில் ஜெபிப்பதற்கும் வேதம் வாசிப்பதற்கும் பழகிய விசுவாசிகள் பலர், இரவில் நாளைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பழகியிருப்பதில்லை. "அன்போடு நடக்க உதவி செய்யும்" என்று விடியற்காலையில் கேட்டவர், முற்பகலிலேயே ஒருவரிடம் எரிந்து விழுகிறார். மாலைக்குள் அதை மறந்தும் விடுகிறார். மறுநாள் அதே ஜெபத்தை மறுபடியும் ஏறெடுக்கிறார். இடையில் என்ன நடந்தது என்று நின்று பார்க்க ஒரு வேளை இல்லாததால், ஜெபம் ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமுமாக ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நாள் முடிவில் கால் மணி நேரம் உட்கார்ந்து செய்யும் தற்சோதனை இந்த இடைவெளியை நேராகத் தொடுகிற பழக்கம். அதை எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும், எதில் போய் முடிய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். எதில் முடிய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்: நாளைக்கு ஒரு குறிப்பிட்ட மனிதரிடம் நாம் செய்ய வேண்டிய ஒரு குறிப்பிட்ட காரியத்தில். எந்த மனிதரையும் சென்று சேராத தற்சோதனை, எவ்வளவு கண்ணீரோடு செய்யப்பட்டாலும், நம்மை நாமே பார்த்துக்கொண்டிருப்பதோடு நின்றுவிடும்.

இந்த வழக்கம் மிகப் பழையது. "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்கிறது 4-ஆம் சங்கீதம். திருவிருந்தில் பங்குபெறுமுன் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே சோதித்தறிய வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, படுத்த படுக்கையில் மனம் மாறியவரும் பின்னாளில் இயேசு சபையை நிறுவியவருமான லொயோலா இஞ்ஞாசியார், 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற தம் நூலில் இதற்கு ஐந்து படிகள் வகுத்தார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லுதல், பாவத்தை அறிந்துகொள்ளக் கிருபை கேட்டல், எழுந்த நேரம்முதல் நாளை மணிக்கு மணி ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், தேவனுடைய கிருபையோடு திருந்தத் தீர்மானித்தல். அந்தப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். சீர்திருத்தச் சபைகளின் மரபிலும் இது வேறு உருவில் இருந்தது. 1738-இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளின்படி, வாரந்தோறும் கூடியவர்கள், கடந்த கூடுகைக்குப் பின் தெரிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனை என்ன, அதிலிருந்து எப்படி விடுவிக்கப்பட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கீழே சொல்லப்படும் முறை பெரும்பாலும் இஞ்ஞாசியாரின் வரிசையைப் பின்பற்றுகிறது. ஓரிரு இடங்களில் விலகுகிறது.

வேளையும் தொடக்கமும்

சங்கீதம் படுக்கையைச் சொன்னாலும், படுத்துக்கொண்டு இதைச் செய்ய முயல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் படியைத் தாண்டுவதற்குள் உறங்கிவிடுகிறார்கள். ஆகவே உறங்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னதாக, உட்கார்ந்தபடி செய்வது நல்லது. கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். மௌனமாக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது. பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் அவசரமாகிவிடும். அரை மணியைத் தாண்டினால் நாளடைவில் சுமையாகிக் கைவிடப்படும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கால் மணியும் கிடைக்காத நாள்கள் உண்டு. அப்படிப்பட்ட நாள்களில் நடந்துகொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே செய்யலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

தொடங்கும்போது குற்றங்களிடம் போகாதீர்கள். முதலில் நன்றி. இது மரியாதைக்காகச் சொல்லப்படும் முன்னுரை என்று நினைத்துப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் தம்மேல் இரக்கம் காட்டப்பட்டிருக்கிறது என்பதை உணராமல் தம்மை ஆராய்கிறவர், ஒன்று தம் பக்கம் வாதாடும் வழக்கறிஞராக மாறுகிறார், அல்லது தம்மைத் தண்டிக்கும் நீதிபதியாக மாறுகிறார். நேசிக்கப்படுகிறோம் என்று அறிந்தவருக்கு மட்டுமே உண்மையைச் சொல்லும் துணிவு வரும். எனவே நன்றியைப் பொதுவாகச் சொல்லாமல் துல்லியமாகச் சொல்லுங்கள். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பதைவிட, "பத்து நாள்களாகப் பேசாதிருந்த தங்கை இன்று தானாக அழைத்தாள், அதற்காக ஸ்தோத்திரம்" என்பது மேலானது. பெரிதாக எதுவும் நடக்காத நாளிலும், யாரோ ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். பேருந்தில் இடம் கொடுத்திருப்பார். நீங்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காதது போல் நடந்துகொண்டிருப்பார். இரண்டோ மூன்றோ போதும். நன்றி சொல்ல எதுவுமே தோன்றாத கசப்பான நாள்களும் வரும். அப்போது "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்ற புலம்பலின் வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். அந்த வசனம் எருசலேம் அழிந்துகிடந்த நிலையில் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வெளிச்சம் கேளுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139-ஆம் சங்கீதத்தின் இறுதி விண்ணப்பம் இதற்காகவே அமைந்தது போலிருக்கிறது. அங்கே ஆராய்கிறவர் தேவன். மனிதன் ஆராயப்படுவதற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். அந்தச் சங்கீதத்திலேயே சற்று முன்னால், உம்மைப் பகைக்கிறவர்களை நான் பகைக்கிறேன் அல்லவா என்று சங்கீதக்காரன் முழங்குகிறான். அதை அடுத்துத்தான் என்னை ஆராய்ந்து பாரும் என்று பணிகிறான். பிறர்மேல் கோபம் தகித்துக்கொண்டிருக்கும் இரவில் அந்த வசனங்களை இதே வரிசையில் வாசித்துப் பாருங்கள்.

முகங்களின் வழியே நாளைக் கடத்தல்

இனி நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கேதான் நான் மரபிலிருந்து சற்று விலகுகிறேன். மணிக்கு மணி போவது நல்ல நூல்தான். ஆனால் அந்த நூலில் நேரங்களுக்குப் பதிலாக மனிதர்களைக் கோத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் முதலில் யாரைப் பார்த்தீர்கள்? யாரோடு பேசினீர்கள்? யாரைத் தவிர்த்தீர்கள்? தேவனுடைய கட்டளைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு "பொய் சொன்னேனா, திருடினேனா, பொறாமைப்பட்டேனா" என்று கேட்டுக்கொண்டே போனால், நம்மில் பலர் பெரும்பாலான நாள்களில் எளிதாகத் தேறிவிடுவோம். முகங்களை வைத்துக் கேட்டால் அவ்வளவு எளிதில் தேற முடியாது.

ஓர் உதாரணம். அலுவலகக் கூட்டத்தில் ஒரு தவறு எப்படி நேர்ந்தது என்று கேள்வி எழுகிறது. தவறில் பாதி உங்களுடையது. பாதி உடன் பணிபுரியும் இளையவர் ஒருவருடையது. "அந்தப் பகுதியை அவர்தான் பார்த்தார்" என்கிறீர்கள். அவர் எதுவும் சொல்லாமல் குனிந்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதுவது போல் பேனாவை அசைக்கிறார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. இரவில் "இன்று பொய் சொன்னேனா?" என்று உங்களையே கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், நீங்கள் சொன்ன வாக்கியத்தில் பொய் கிடையாது. "இன்று அவர் முகத்தை எப்போது பார்த்தேன்?" என்று கேட்டால், கூட்டத்துக்குப் பின் அவர் இருக்கும் பக்கமே நீங்கள் போகவில்லை என்பது தெரியவரும். அந்த இடத்தில் நில்லுங்கள். ஏன் போகவில்லை என்று கேளுங்கள். அன்றைய சோதனைக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

செய்தவற்றைக் காட்டிலும் செய்யாமல் விட்டவை இப்படித்தான் வெளிப்படும். நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. கண்டு, பக்கமாய் விலகிப் போனார்கள், அவ்வளவுதான். நம் நாள்களிலும் விலகிப் போகுதல் பல வேடங்களில் வரும்: படித்துவிட்டுப் பதில் அனுப்பாத செய்தி, "அப்புறம் பேசலாம்" என்ற வாக்கு, துக்க வீட்டுக்குப் போக நேரமில்லை என்ற கணக்கு. எல்லாமே பாவம் என்று நான் சொல்லவில்லை. எந்த மனிதராலும் எல்லோருக்கும் எல்லாமாக இருக்க முடியாது. ஆயினும் எந்தெந்த முகங்களைத் திரும்பத் திரும்ப விலக்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

அன்பு வெளிப்பட்ட இடங்களிலும் நில்லுங்கள். பலர் இதைப் பெருமை என்று அஞ்சித் தவிர்க்கிறார்கள். இயல்பாகவே பொறுமை குறைந்த நீங்கள் இன்று ஒருவருடைய நீண்ட புலம்பலைக் குறுக்கிடாமல் கேட்டீர்கள் என்றால், அது கிருபை செயல்பட்ட இடம். அதைக் காணாமல் போவதும் ஒருவகையில் நன்றிகெட்டதனம்தான்.

பாவத்தையும் பலவீனத்தையும் பிரித்தறிதல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. தற்சோதனை மனிதரைக் கட்டுவதும் நொறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. படுக்கையில் இருக்கும் தந்தையைப் பல மாதங்களாகக் கவனித்துவரும் மகள் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்கிறார், கொடுக்கிறாள். இரண்டரைக்குப் போர்வையைச் சரிசெய்யச் சொல்கிறார்; செய்கிறாள். மூன்று மணிக்கு மறுபடி அழைக்கும்போது, "இப்போது என்னப்பா?" என்று அவள் குரல் உயர்ந்துவிடுகிறது. அவர் "ஒன்றும் இல்லையம்மா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். மறுநாள் முழுவதும் அவளுக்கு அந்த "ஒன்றும் இல்லையம்மா" காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

இது பாவமா, பலவீனமா? இரண்டும் கலந்தது என்றே சொல்ல வேண்டும். தந்தையின் மனம் நொந்தது உண்மை; அதற்காக வருந்துவதும், அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதும் தகும். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது வெறுப்பா, உறக்கமின்மையா? உறக்கமின்மை என்றால் "இனி ஒருபோதும் குரலை உயர்த்த மாட்டேன்" என்ற தீர்மானம் மூன்றாம் இரவே உடையும். உடைந்ததும் குற்றவுணர்வு இரட்டிப்பாகும். அவள் செய்ய வேண்டிய மனந்திரும்புதல் வேறு வடிவில் இருக்கலாம். வாரத்தில் இரண்டு இரவுகளை நீ பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் கேட்பது, தன்னால் தனியாக முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது. சில வேளைகளில் அதற்குத்தான் அதிகத் தாழ்மை வேண்டியிருக்கிறது.

பலவீனத்தைத் தேவன் எப்படிப் பார்க்கிறார் என்பதை 103-ஆம் சங்கீதம் சொல்கிறது: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. அதே பவுல் ரோமருக்கு எழுதுகையில், "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். பலவீனத்தைச் சாக்காக்கவும் கூடாது, அதைப் பாவமாக்கித் தன்னை அடித்துக்கொள்ளவும் கூடாது. பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நேரத்தில் வேறு விதமாகச் செய்ய எனக்கு இடம் இருந்ததா, இருந்தும் நான் இதைத் தேர்ந்துகொண்டேனா? முன்னே சொன்ன கூட்டத்தில் இடம் இருந்தது. இரவு மூன்று மணிக்கு அதிகம் இருக்கவில்லை.

வருத்தத்திலும் இருவகை உண்டு என்று பவுல் பிரிக்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது. யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் வீழ்ந்தவர்கள், இருவரும் மனங்கசந்தவர்கள். யூதாஸ் தனித்துப் போனான். பேதுருவோ, அழுதபின் மற்றச் சீடர்களோடு சேர்ந்தே இருந்தார். உயிர்த்த இயேசு கரையில் நின்றபோது கடலில் குதித்து அவரிடம் வந்தார். யோவான் ஒரு சிறு விவரத்தைக் குறிப்பிடுகிறார்: பேதுரு மறுதலித்த முற்றத்திலும் கரிநெருப்பு எரிந்தது, திபேரியா கடற்கரையில் இயேசு மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி வைத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு இருந்தது. அங்கே அவர் பேதுருவிடம் "ஏன் மறுதலித்தாய்?" என்று கேட்கவில்லை. "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டார், ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஆடுகளை ஒப்படைத்தார். தற்சோதனையின் முழு வரைபடமும் அந்தக் காலை உணவில் இருப்பதாக நான் நினைக்கிறேன். வருத்தம் உங்களைத் தனிமைக்குள் தள்ளுகிறதா, ஒரு வேலையோடு மனிதரிடம் திருப்பி அனுப்புகிறதா என்பதைக் கொண்டு அது எவ்வகைத் துக்கம் என்று அறிந்துகொள்ளலாம்.

அறிக்கையும் நாளைய காரியமும்

பாவம் என்று தெளிவாகத் தெரிந்ததை ஒரே வாக்கியத்தில் தேவனிடம் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் "ஆனால்" வரக்கூடாது. "அவருக்கு உதவியிருக்கலாம், ஆனால் அவரும் எனக்கு உதவியதில்லை" என்பது அறிக்கை ஆகாது, எதிர்வழக்கு. இயேசு சொன்ன உவமையில் தேவாலயத்துக்குப் போன ஆயக்காரனின் ஜெபம் மிகச் சிறியது: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." பரிசேயனின் ஜெபம் நீளமானது, அதில் மற்றவர்களும் வருகிறார்கள். உங்கள் அறிக்கையில் மற்றவரின் குற்றம் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையிட்டபின், மன்னிப்பை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லலாம். இஞ்ஞாசியாரின் பயிற்சியும் அதோடுதான் முடிகிறது. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். வரவேண்டிய முகம் தானாக வரும்.

பிறகு நாளைக்கு ஒரு காரியம். இரண்டு வேண்டாம். அது சிறியதாக, நேரமும் ஆளும் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். "இனி பொறுமையாக இருப்பேன்" என்பது யாரையும் சென்று சேராது. "நாளைக் காலை பத்து மணிக்கு முன் அவரிடம் போய்ப் பேசுவேன்" என்பது சேரும். கூட்டத்தில் இளையவரை முன்னே தள்ளியவர் மறுநாள் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "நேற்று அந்தத் தவறில் என் பங்கைச் சொல்லாமல் உங்களை மட்டும் காட்டிவிட்டேன். அது நியாயமில்லை. மேலதிகாரியிடம் என் பங்கை நானே சொல்கிறேன்." இதில் செய்தது இன்னதென்று சொல்லப்படுகிறது, தவறு என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது, சேதத்தைச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்பதில் இவை எதுவும் இல்லை. புண்பட்டதே அவருடைய குறை என்பது போல் ஒலிக்கும். மன்னிப்புக் கேட்டபின் அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து அங்கேயே நிற்காதீர்கள். அவருக்கு நாள்கள் ஆகலாம்.

மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்லும்போது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்கிறார். அவன்மேல் நமக்கு உள்ள குறையை அவர் அங்கே பேசவில்லை. நம் மனம் இரவில் பெரும்பாலும் நமக்குப் பிறர்மேல் உள்ள குறைகளையே புரட்டிக்கொண்டிருக்கும் என்பதால், இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இறந்துவிட்டிருக்கலாம், அல்லது நீங்கள் அவரை அணுகுவதே அவருக்கு மேலும் துன்பமாக இருக்கலாம். அப்போது அவருக்காக ஜெபித்துவிட்டு, அவருக்குச் செய்யத் தவறியதை அதே நிலையில் உள்ள வேறொருவருக்குச் செய்யுங்கள்.

பிடிக்காத மனிதர்களைப் பற்றி

முகங்களின் வழியே நாளைக் கடத்துகிறவருக்குச் சில வாரங்களில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவர் உங்களுக்குப் பெரிய தீங்கு எதுவும் செய்திருக்க மாட்டார். அவர் பேசும் தொனியோ, எதற்கெடுத்தாலும் தம்மைப் பற்றியே சொல்வதோ உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். 1897-இல் 24 வயதில் மறைந்த பிரெஞ்சுக் கார்மேல் துறவி லிசியே தெரேசாவுக்கு அவருடைய மடத்தில் இப்படி ஒரு சகோதரி இருந்தார். அந்தச் சகோதரியிடம் எல்லாமே தமக்குப் பிடிக்காததாக இருந்தது என்று தெரேசாவே எழுதியிருக்கிறார். அவரைச் சந்திக்கும்போதெல்லாம் அவருக்காக ஜெபிப்பதும், இயன்ற உதவிகளைச் செய்வதும், கடுமையாகப் பதில் சொல்லத் தோன்றும்போது புன்னகைத்துப் பேச்சை மாற்றுவதும் தெரேசாவின் வழியாக இருந்தது. என்னிடம் உங்களை இவ்வளவு ஈர்ப்பது எது என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டார்.

இது நடிப்பு என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. உணர்ச்சி வரும்வரை காத்திருந்து அன்பு செய்ய வேண்டும் என்று சுவிசேஷம் எங்கும் சொல்வதில்லை. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற கட்டளையோடு சேர்ந்து வருபவை எல்லாம் செயல்கள்: ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். ஆகவே அந்தத் திரும்பி வரும் முகத்துக்கு இரவில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். அவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் திருந்த வேண்டும் என்று ஜெபிக்காமல், நாளை அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஜெபியுங்கள். அவரிடம் உள்ள ஒரு நன்மையைத் தேடிச் சொல்லுங்கள். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவதுதான் பெரும்பாலும் மனத்தை இளக்கும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இந்தப் பழக்கம் எல்லோருக்கும் எல்லா வேளையிலும் ஒரே அளவில் பொருந்தாது. அறிக்கையிட்ட பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, சரியாகச் சொன்னோமா என்று இரவெல்லாம் கலங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் ஆராயும் படியை இரண்டு நிமிடத்துக்குள் சுருக்கி, நன்றிக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். நம்பிக்கைக்குரிய போதகர் அல்லது குருவின் வழிகாட்டுதலில் நடக்க வேண்டும். கலக்கம் தணியாவிட்டால் மனநல மருத்துவரையும் தயங்காமல் பார்க்க வேண்டும். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்ற யோவானின் வார்த்தை அவர்களுக்கானது.

அதைவிடக் கடுமையான இன்னொன்று: வீட்டிலோ வேலையிடத்திலோ சபையிலோ வன்முறைக்கும் சுரண்டலுக்கும் உள்ளாகிறவர், "என்னில் என்ன குறை இருந்தது?" என்று இரவில் தம்மையே குடைந்துகொள்ள இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தக் கூடாது. அடித்தவரின் பாவத்துக்கு அடிபட்டவர் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஏழெழுபதுதரமட்டும் மன்னிக்கச் சொன்ன மத்தேயு சுவிசேஷத்தின் அதே அதிகாரத்தில், குற்றஞ்செய்த சகோதரனை நேரில் கடிந்துகொள், கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, சபைக்கு அறிவி என்றும் இயேசு சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு நாளைய காரியம் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், நம்பத்தகுந்த ஒருவரிடமும் தேவைப்பட்டால் காவல்துறையிடமும் சொல்வதும்தான்.

மூன்றாவது ஆபத்து வறட்சி. சில வாரங்கள் ஜெபத்தில் எந்த உணர்வும் இருக்காது. தேவன் கேட்கிறாரா என்றே ஐயம் வரும். தன் மகனைச் சுகப்படுத்தும்படி வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான் என்று மாற்கு எழுதுகிறார். விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த ஜெபம் கேட்கப்பட்டது. வறண்ட இரவுகளில் அதைக் கடன் வாங்கிக்கொண்டு, நாளைய காரியத்தை மட்டும் தவறாமல் தேர்ந்துகொள்ளுங்கள். உணர்வில்லாமல் செய்யப்படும் உதவியும் பெறுகிறவருக்கு உதவிதான்.

குறிப்பேடு வைப்பது உங்கள் விருப்பம். வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: யார், நாளைக்கு என்ன. பிறர் கையில் கிடைத்தால் பிறருக்குத் தீங்காகும் விவரங்களை எழுதாதீர்கள். வாரக் கடைசியில் அந்த ஏழு வரிகளையும் வாசித்தால், எந்த நேரத்தில், எந்தக் களைப்பில், யாரிடம் தவறுகிறோம் என்ற ஒழுங்கு தெரியும். பசியிலும் அவசரத்திலும் நடந்த சண்டைகள் அதில் எத்தனை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்; அவற்றில் சிலவற்றுக்கு அரை மணி முன்னதாகக் கிளம்புவதே மருந்து. நீங்கள் நம்பும் ஒருவரோடு, வாக்குக் கொடுத்து இரகசியம் காப்பவரோடு, மாதம் ஒருமுறையாவது இதைப் பேசுங்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு... ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறார் யாக்கோபு. தனியாகச் செய்யும் சோதனையில் நாம் காணத் தவறும் முகங்களை, நாம் சொல்வதைக் கேட்கிறவர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இடையில் சில இரவுகள் தவறிப்போகும். விட்டுப்போன நாள்களை எல்லாம் சேர்த்து ஒரே இரவில் பார்க்க உட்காராதீர்கள். அது முடியவும் முடியாது. அன்றைய நாளிலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன நாள்களில் உண்மையாகவே சரிசெய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால், அந்த மனிதரை அடுத்தமுறை பார்க்கும்போது அது உங்களுக்கே நினைவுக்கு வரும். அன்றிரவு அவரைப் பற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.